ஒருவேளை அண்ணன் ஸ்பீக்கர் தேடிய கதை

பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் இடையே இதுவரை நடக்காத விபத்துகள் அத்தனையையும் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஒருவேளை அண்ணன்.

அவருக்குச் சொந்தமாக நல்ல பெயர் ஒன்று உண்டு. இதை எழுத உட்கார்ந்ததும் போன் செய்து, பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். அதே பெயரில் வேறொருவர் இருந்து, அவர் இதைப் படித்து, தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பத்திரிகை ஆபீஸுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பது அவருடைய கேள்வி. அதனால் பெயர் இல்லை. போட்டாலும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியாது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிகூட, “ஒருவேளை சார் வந்துட்டாரா?” என்றுதான் கேட்பார். அவர் பெயரைச் சொல்கிறாரா, சந்தேகத்தில் கேட்கிறாரா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்பிப்போவார்கள்.

பெயர் வந்த காரணம் சுலபம். எந்த வாக்கியத்தையும் அவர் “ஒருவேள” என்றுதான் தொடங்குவார். பஸ்ஸில் ஏறினால், ஒருவேளை பிரேக் பிடிக்காவிட்டால்? கல்யாணப் பந்தியில் காளான் பிரியாணி வந்தால், ஒருவேளை இது காட்டில் பொறுக்கியதாக இருந்தால்? தள்ளுவண்டியில் இளநீர் வாங்கிக் குடிக்கும்போது, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தென்னை மரமே இல்லாவிட்டாலும், ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டிராவை வாயில் வைப்பார்.

திருமழிசை எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. கார்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை மிஷினில் அடித்து எடுக்கிற இடம். எனக்கு ஆபீஸில் பர்ச்சேஸ் வேலை. அண்ணன் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். வரிசையாக நிற்கும் பிரஸ் மிஷின்கள் ஒவ்வொன்றும் தகட்டின் மேல் இறங்கும்போது, தள்ளியிருக்கும் ஆபீஸ் கட்டடத்தில் என் மேஜைமேல் இருக்கிற டீ வட்டம் வட்டமாக நடுங்கும். உள்ளே நிற்பவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஓர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அண்ணன் தன் ஷிஃப்ட்டில் அதை எல்லோர் காதிலும் திணித்துவிட்டுத்தான் மிஷினை ஓட்ட விடுவார். தான் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார்.

“காத அடச்சிகினா, பின்னாடி எவனாவது கத்துனா எனக்கு எப்டி கேக்கும்? ஒருவேள அவன் கை உள்ள மாட்டிகினா?”

இப்படியே அந்த இரைச்சலுக்கு நடுவில் திறந்த காதோடு அவர் தன் வாலிபம் முழுவதையும் கழித்தார். அவர் ஷிஃப்ட்டில் ஒருவருக்கும் ஒரு விரல் நகம்கூடப் போனதில்லை. மற்ற ஷிஃப்ட்டுகளைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் இருவர் வீடும் நசரத்பேட்டையில் ஒரே தெருவில். அண்ணன் செகண்ட் ஹாண்டில் கார் வாங்கிய நாளிலிருந்து நான் அவருடன்தான் வேலைக்குப் போனேன். அந்தக் காரை வாங்குவதற்குள் அவர் பட்ட பாடு தனி. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் நல்ல வண்டி என்றார். இன்னொருவரைக் கூட்டிப்போனார். அவரும் நல்ல வண்டி என்றார். உடனே, இரண்டு பேரும் ஒருவேளை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களோ என்ற கவலை வந்துவிட்டது. நிறம் ஆரஞ்சு. பனிமூட்டத்தில் லாரிக்காரர்களுக்குத் தெரியவேண்டும் என்று தேடிப் பிடித்த நிறம். நசரத்பேட்டையில் எப்போது பனிமூட்டம் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தக் காரில் பாட்டு போட மாட்டார். பாட்டு போட்டால் பின்னால் வருகிற ஆம்புலன்ஸ் கேட்காது என்பது சட்டம். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை, வண்டியை எடுக்கும்போதே, கார் கதவில் இருக்கிற ஸ்பீக்கர் எல்லாம் வேஸ்ட், நல்லதாகப் பார்த்து மாற்ற வேண்டும், கூட வா என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாட்டே கேட்காதவருக்கு ஸ்பீக்கர் எதற்கு என்றேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். கைக்குட்டையில் சுற்றி ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் இருந்தது ஒரே பாட்டு. அவர்கள் சர்ச்சில் சில வருஷங்களுக்கு முன்பு கொயர் என்கிற பாடகர் குழு பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு. அதில் மூன்றாவது சரணத்தை அவர் மனைவி எஸ்தர் அக்கா தனியாகப் பாடியிருக்கிறாராம்.

“அவ பாடறது தெளிவா கேக்கணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் தேவயில்ல” என்றார்.

இவ்வளவு சின்ன ஆசைதானே என்று நினைத்து நான் சம்மதித்தேன்.

முதலில் பூந்தமல்லியில் ஒரு கடை. சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் விதவிதமாக ஸ்பீக்கர்களைப் பதித்திருந்தார்கள். விற்பனைப் பையன் எங்களைப் பார்த்த உற்சாகத்தில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். பலகை குலுங்கியது. அண்ணன் வாசற்படிக்கு நகர்ந்துவிட்டார். ஒருவேளை பலகை ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தால் ஓடுவதற்கு. அங்கே நின்றபடியே தன் சந்தேகங்களைக் கேட்டார். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறதே, அது ரோட்டில் கிடக்கும் ஆணியை எல்லாம் இழுத்து டயரைப் பஞ்சராக்கிவிடாதா? அதிர்வில் வண்டியின் நட்டு போல்ட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தால்? மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கி, கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடித்தால்? பையன் முதலில் சிரித்தான். பிறகு பதில் சொன்னான். பிறகு தானே கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

பென்டிரைவைப் போட்டார்கள். கொயர் பாடியது. மூன்றாவது சரணத்தில் எஸ்தர் அக்காவின் குரல் தனியாக எழுந்தது. அந்தக் கடையின் குப்பைக்கும் ஒயர் குவியலுக்கும் நடுவில் அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். பொம்பளை குரலே வரவில்லையே என்றார்.

பையன் எதையெதையோ திருகினான். மெல்லிய, கீச்சென்ற சத்தமெல்லாம் தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கரில்தான் நன்றாக வரும், அதற்கு ட்வீட்டர் என்று பெயர் என்று சொல்லி, பாட்டில் மூடி அளவில் ஒன்றை எடுத்து மாட்டினான். அண்ணன் அதன்மேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, இது ஓடவில்லை என்றார். ஓடுகிறது சார் என்றான். ஓடவில்லையப்பா என்றார். வேறொன்றை மாட்டினான். அதுவும் ஓடவில்லை. இன்னொன்று. அதுவும். பையன் உள்ளே போய் முதலாளியிடம், புதுசாக வந்த சரக்கு முழுக்க டெட் போலிருக்கிறது என்று சொன்னது எங்களுக்கே கேட்டது. அதாவது, எனக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்பத்தூர். அந்தக் கடைக்காரர் கொஞ்சம் கோபக்காரர். ட்வீட்டர் ஓடவில்லை என்று அண்ணன் சொன்னதும், “இன்னா சார், காலைலயே வம்பு பண்றதுக்கு கெளம்பி வந்துகினு கீறியா?” என்று கேட்டுவிட்டார். நான் நடுவில் புகுந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் பெங்களூர் நெடுஞ்சாலைச் சிக்னலில் வண்டி நின்றது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எஸ்தர் பாடறத நிறுத்திட்டா நைனா.”

எனக்குப் புரியவில்லை. மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சர்ச்சில் அவர் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்காருவார், தீப்பிடித்தால் வெளியேற வசதியாக. அங்கிருந்து பார்த்தால் கொயரில் அக்காவின் வாய் அசைவது தெரிகிறது. குரல் மட்டும் வரவில்லை. ஒரு வருஷமாக, அதற்கு மேலாகவும் இருக்கலாம். வீட்டிலும் அப்படித்தான். முன்பு போல் பேசுவதில்லை, ஏதோ முணுமுணுக்கிறாள். மனத்தில் ஏதோ வைத்துக்கொண்டிருக்கிறாள். பழைய பாட்டை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால், அப்போதாவது உண்மையாகப் பாடினாளா, இல்லை அப்போதே வாயை மட்டும் அசைத்தாளா என்று தெரிந்துவிடும். எப்போதிலிருந்து கோபம் என்று தெரிந்தால், தான் செய்த தப்பு என்ன என்று யோசித்துப் பார்க்கலாம்.

அக்காவிடமே கேட்டுவிடலாமே என்றேன்.

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா?”

சிக்னல் விழுந்து, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அண்ணன் நகரவில்லை. அவன் இன்னும் பலமாக அடித்தான். நான் தோளைத் தொட்டதும்தான் வண்டியை எடுத்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போட்ட இண்டிகேட்டரை அவர் நிறுத்தாமல், டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டே திருமழிசை வரை போவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். முன்னெச்சரிக்கைக்காக அப்படி விட்டு வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

அந்த வாரம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை. சொல்லலாம் என்று காரில் வாயைத் திறப்பேன். அவர் ஒருவேளை டேங்கர் லாரி கவிழ்ந்தால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பார். இல்லாத ஆபத்துக்கே இப்படி நடுங்குகிறவரிடம், இருக்கிற ஒன்றை எப்படிச் சொல்வது? அவருடைய கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒருவேளை சரியாக இருந்தால்?

மூன்றாவது கடை ஆவடியில். மூர்த்தி என்பவர் நடத்திய சின்னக் கடை. நிதானமான மனிதர். அண்ணன் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ட்வீட்டர் ஓடவில்லை என்று அண்ணன் சொன்னதும் அவர் வாதாடவில்லை. மற்ற ஸ்பீக்கர்களின் ஒயரை எல்லாம் கழற்றிவிட்டு, ட்வீட்டர் ஒன்றை மட்டும் வைத்து, டெஸ்ட்டுக்கென்று வைத்திருந்த ஒரு கீச்சுச் சத்தத்தைப் போட்டார்.

ஊசியைக் காதுக்குள் விட்டது போல் இருந்தது. கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அண்ணன் குனிந்து அந்த ட்வீட்டரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். பிறகு மறு காதை.

“ஓடலியே” என்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, கைகளை.

“நீ ஏன் காத பொத்திகினு கீற?”

நான் கையை எடுத்தேன்.

“ஒனக்குக் கேக்குதா?”

“கேக்குது அண்ணே.”

“இப்பவுமா?”

“இப்பவும்.”

மூர்த்தி மெதுவாக ஸ்விட்சை அணைத்தார். அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப?”

“இப்ப நிறுத்திட்டாரு அண்ணே.”

அண்ணன் தலையை ஆட்டினார். மூர்த்தி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீக்குச் சொல்லி அனுப்பினார். ஸ்பீக்கர் எங்கேயும் ஓடிப்போகாது சார், அப்புறமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் கார் சாவியை என்னிடம் நீட்டினார். அந்தச் சாவியை அதுவரை அவர் வேறொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. சர்வீஸுக்கு விட்டால்கூட வண்டியைத் தானே உள்ளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறவர். நான் ஓட்டினேன். ஆவடியிலிருந்து நசரத்பேட்டை வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே தவறான பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, ஒரு தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போனது. அவர் வாயிலிருந்து ஒரு “ஒருவேள” வரவில்லை. அதைப் போல் நான் பயந்த பயணம் வேறு கிடையாது.

தெருமுனை திரும்பும்போதுதான் பேசினார்.

“எவனாவது கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்காது நைனா. நான் பாட்டுக்குச் சும்மா நின்னுகினு இருந்திருக்கேன்.”

அவர் சொன்னது பிரஸ் ஷாப்பை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லையே அண்ணே என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் தனியாகப் போகப் பயந்து என்னையும் கூப்பிட்டார். எஸ்தர் அக்கா சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், நீ சர்ச்சில் நிஜமாகப் பாடுகிறாயா என்று கேட்டார்.

அக்கா கத்தியோடு திரும்பினார். “இது என்ன கேள்வி? போன வாரம் தனியாப் பாடினேன்லா. நீங்க கடைசி பெஞ்சில மூஞ்சிய உம்முன்னு வச்சிட்டு இருந்தீங்க. உங்களுக்குப் பிடிக்கலையாக்கும்னு, இனிமே எனக்குத் தனியா எதுவும் கொடுக்காதீங்கன்னு கொயர் மாஸ்டர்ட்ட சொல்லிட்டு வந்துட்டேன்.”

இதில் பாதி அண்ணனுக்கு விழவில்லை. என்னைப் பார்த்தார். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். ஒருவரின் மனைவி சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்த அனுபவம் எனக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது.

அதன்பிறகு அண்ணன் ஆவடியில் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு கத்தியை வைத்துவிட்டு அருகில் வந்து, அவர் காதோரத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தார், உள்ளே ஏதாவது தெரியுமா என்பது போல.

“ரெண்டு வருசமா தொண்ட வத்தக் கத்திட்டுக் கிடக்கேன். பதில் வராது. இந்த மனுசனுக்கு நம்ம மேல பிரியம் போயிட்டுன்னுல்லா நெனச்சேன்” என்றார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. நான் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியில் காது டாக்டரிடம் போனார்கள். நானும் போனேன். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திச் சோதிப்பார்கள். சத்தமே புகாத அறை என்று நர்ஸ் பெருமையாகச் சொன்னதுதான் தவறு. ஒருவேளை வெளியே பூட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டால், உள்ளிருந்து கத்தினால் கேட்காதே என்று அண்ணன் கேட்டார். எனக்கு அந்த “ஒருவேள”யைக் கேட்டதும் போன உயிர் வந்தது. கடைசியில் அக்கா கண்ணாடிக்கு வெளியே, அவர் பார்வையில் படும்படி நிற்க, சோதனை நடந்தது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். விடாத இரைச்சலில் நின்று நின்று, மெல்லிய சத்தங்களைப் பிடிக்கிற சக்தி போய்விட்டது. போனது வராது. காதில் மிஷின் வைத்துக்கொண்டால் நன்றாகக் கேட்கும். இனி இரைச்சலில் நிற்கக் கூடாது.

வேலை போய்விடுமோ என்று நான் பயந்தேன். அவருக்கு ரிட்டையர் ஆக இன்னும் சில வருஷங்கள் இருந்தன. கம்பெனியில் சொல்ல வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் அக்காவும் எவ்வளவோ சொன்னோம். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நேராக மேனேஜர் அறைக்குள் போய், எனக்குக் காது கேட்காது, என்னை நம்பி அந்தப் பிள்ளைகளை அங்கே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டுப் பூனை குறுக்கே போனால் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் பார்க்கிற மனிதர், அன்று ஒரு நிமிஷமும் தயங்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று ‘ஒருவேளை’ என்று முணுமுணுத்தவன் நான்தான்.

மேனேஜர் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. செய்து முடித்த பாகங்களைச் சரிபார்க்கிற பிரிவுக்கு மாற்றினார். அது ஆபீஸ் கட்டடத்தில், என் மேஜைக்கு அடுத்த அறை. ஆகவே காரில் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த “ஒருவேள”கள் எனக்கு நாள் முழுவதும் கிடைக்க ஆரம்பித்தன.

காது மிஷின் வந்ததும் புதுத் தொல்லை. தெருவில் யாரோ தன் பின்னாலேயே வருகிறார்கள் என்று பயந்து, நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அது அவருடைய செருப்புச் சத்தம். மிக்ஸியைப் போட்டால் வாசலுக்கு ஓடினார். காரில் ஏதோ டிக் டிக் என்கிறது, வெடித்துவிடுமோ என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அது இண்டிகேட்டர் சார், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்று அந்த மனிதர் சொன்னதை அண்ணன் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

அந்த ஞாயிறு என்னைச் சர்ச்சுக்கு அழைத்தார். மிஷின் ஏதாவது தப்பாகக் கேட்டுச் சொன்னால், சரியானதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். எனக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் போய்க் கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாஸ்டரிடம் வேண்டாம் என்று சொன்ன தனிப்பாட்டை அக்கா திரும்பக் கேட்டு வாங்கியிருந்தார் போலிருக்கிறது. கொயர் அடங்கி, அக்கா மட்டும் பாடினார். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. சரணம் முடிகிற வரை விடவில்லை. முடிந்ததும் என் பக்கம் சாய்ந்தார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

“ஏன் இவ்ளோ சத்தமா பாடறா? ஒருவேள தொண்டைக்கு ஏதாவது ஆயிட்டா?”

அவர் மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தார். முன்னால் மூன்று பெஞ்சும் திரும்பிப் பார்த்தது. கொயரில் நின்றிருந்த அக்காவும் பார்த்தார். அக்கா சிரிப்பை அடக்கப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒருநாள் மூர்த்தி கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். அக்கா நான்கைந்து ஸ்பீக்கர்களைக் கேட்டுவிட்டு, இதுவே போதும் என்று சாதாரணமான ஒன்றைக் காட்டினார். இது போதும் என்று எப்படித் தெரியும் என்று அண்ணன் ஆரம்பித்தார். பாடினது நான்தானே, எனக்குத் தெரியாதா என்றார் அக்கா. மூர்த்தி உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார், மனம் மாறுவதற்குள்.

போன வருஷம் அண்ணன் ரிட்டையர் ஆனார். இருவரும் அக்காவின் ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே இடி அதிகமாம், பாம்பு உண்டாம், கிணறுகளுக்கு மூடி கிடையாதாம். போனில் எல்லாம் வந்துகொண்டிருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி சாய்ந்துவிட்டது. டிவியில் ஓடியிருக்கிறது. நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். அண்ணனிடமிருந்து போன். கட் செய்தேன். திரும்ப வந்தது. மறுபடி கட் செய்தேன். மேனேஜர் பார்க்கும் அளவுக்கு அது துடித்துக்கொண்டே இருந்ததால், எழுந்து வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். ஆபீஸில்தான் என்றேன். குரலில் மூச்சிரைத்தது.

“ஒனக்கு ஒண்ணும் இல்லியே?”

“நல்லா இருக்கேன் அண்ணே.”

“இன்னொரு தபா சொல்லு.”

லைன் தெளிவாகத்தான் இருந்தது. அவர் மிஷினும் இப்போது நல்ல மிஷின். நான் இன்னொரு தடவை சொன்னேன், இந்த முறை கொஞ்சம் நிதானமாக.